இட்லித் தட்டில் விழுந்த குழிகள்

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அப்பா அலுமினியம் உருக்கி இட்லித் தட்டு வார்த்துக்கொண்டிருந்தார். திருவண்ணாமலையில் தீபக் கூட்டம் சேருமுன் கோயில் பக்கத்து ஓட்டல்காரர் ஒருவருக்குப் புதுத் தட்டுகள் போய்ச் சேர வேண்டும். அந்த ஐப்பசி அடைமழையில் வார்த்ததெல்லாம் அம்மை போட்ட முகம்போல் குழிகுழியாக வந்தது. அந்தப் பொடிக் குழிகளில் மாவு ஒட்டினால் இட்லி பிய்ந்துதான் வரும். ஓட்டல்காரர் ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவையும் இப்படியென்றால் மெட்ராஸில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அப்பா தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார். சூட்டைக் குறைத்தார், உலோகக் குழம்பு ஓரம்வரை ஓடாமல் பாதியில் உறைந்தது. உருக்கும் பழைய பாத்திரங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் காயவைத்தார். மேலே மிதக்கும் கசடை இரண்டு முறை வழித்தார். குழி மட்டும் போகவில்லை.

அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு இத்தனை ஆராய்ச்சி தேவைப்படவில்லை. "யாரோ பொம்பள பெட்டிய தாண்டியிருக்கா" என்றாள். மண் நிரப்பி அச்சுப் பதித்த பெட்டியைப் பெண்கள் தாண்டக் கூடாது என்பது எங்கள் கொட்டகைச் சட்டம். இப்படியே போனால் தன் தம்பி பெங்களூருக்குப் போய்த்தான் வேலை தேட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

தாண்டியவள் நான்தான். பந்து எடுக்கும் அவசரத்தில், ஒன்றல்ல, மூன்று பெட்டி. எட்டு வயதில் அப்பாவை ஊரைவிட்டே துரத்தப்போகிறேன் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

பரிகாரத்தை நானே கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கோயிலுக்குள் போய், சாப்பாட்டுத் தூக்கை அலசி, குளத்துத் தண்ணீரை மொண்டு வந்தேன். அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அதைப் பெட்டியில் நிரப்பும் மண்குவியலில் ஊற்றி, அண்ணாமலையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்த வாரம் அது. ஆனாலும் குழிகள் கூடின. ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உலோகத்தில் குழி பறிக்கும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? சாமிக்குக் கோபம் தணியவில்லை என்று இரண்டு தூக்கு ஊற்றினேன்.

மறுநாள் பள்ளி விடுமுறை. கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். அப்பா உருகிய உலோகத்தைப் பெட்டிக்குள் ஊற்றினார். உள்ளே கொடகொடவென்று ஒரு சத்தம். அடுத்த நொடி உலோகம் வெடித்துப் பீறிட்டது. அப்பாவின் முழங்கையில் வெள்ளித் துளிகள் ஒட்டிக்கொண்டு புகைந்தன. அப்பா செத்துவிடுவார், நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன்.

அத்தை ஓடி வந்து கையில் தண்ணீர் ஊற்றினாள். அப்பா மறு கையால் குவியலிலிருந்து மண்ணை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தார். நல்ல மண் கட்டியாக நிற்கும், கையில் ஒட்டாது. இது சேறாக அப்பியிருந்தது. அதில் ஒரு சோற்றுப் பருக்கை. அப்பா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல, யாரோ தாண்டியிருக்காங்கனு" என்றாள் அத்தை.

"யாரும் தாண்டலக்கா. மழ ஈரம் ஜாஸ்தியாயிடுச்சு, அவ்ளோதான்" என்று அப்பா அந்தப் பருக்கையைக் கீழே உதறி, காலால் மண்ணைத் தள்ளி மூடினார்.

அந்த மண்ணை மூன்று நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்தார். நான் தூக்கோடு கோயில் பக்கமே போகவில்லை. தட்டுகள் வழவழவென்று வந்தன, தீபத்துக்கு முன்பே ஓட்டலுக்குப் போய்விட்டன. எனக்குத்தான் ஒன்று விளங்கவில்லை. ஒரு வாரமாகச் சொட்டு மழை இல்லையே, அதுகூடவா அப்பாவுக்கு மறந்துபோகும்?