கலங்கிய மீன்கண்

அங்காளம்மாளுக்கு மீன் பார்க்க இரண்டு நொடி போதும். கோவளம் கரையில் ஏலத்துக்குக் கொட்டிய மீனைக் குனிந்து பார்ப்பாள். கண் தெளிந்திருந்தால் கூடைக்குள் போகும், கலங்கியிருந்தால் கிடக்கும். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் முப்பது வருஷ வியாபாரம். அவள் மீனைச் செவுள் தூக்கிப் பார்ப்பவர்களுக்கு நல்ல திட்டு கிடைக்கும்.

2007இல், அவளுடைய ஐம்பத்தெட்டாவது வயதில், எல்லா மீனும் கலங்கிய கண்ணோடு வரத் தொடங்கின. ஏலம் விடும் ரத்தினபாயிடம் எகிறினாள்.

"இன்னாடி, ஐஸ் மீனை என் தலைல கட்டுறியா?"

"இப்பதான் எறங்குன மீனுக்கா! உனுக்குக் கண்ணு தெரியல?"

கரையே சிரித்தது. அவளுக்கோ நீலப் புடவை சில நாளாகக் கறுப்பாகத் தெரிவதும், பஸ் விளக்கு சிதறுவதும் நினைவுக்கு வந்தன. கண் போன அப்பா பதினோரு வருஷம் சுவரைத் தடவியே நடந்தார். கடலில் பிறந்து வளர்ந்த மனுஷன், சோற்றில் கை வைக்குமுன் "முள்ளு கீதா?" என்று கேட்பார். தானும் அப்படிக் கேட்க வேண்டுமோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் மீனை முகர்ந்தும் அமுக்கியும் வாங்கினாள். ஒரு மாதம் தூக்கமே இல்லை.

கடைசியில் இரும்புலியூர் கண் முகாமுக்குப் போனாள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ளே ஒரு லென்ஸ் இருக்கும்மா. சின்ன வயசுல தெளிவா, இளக்கமா இருக்கும். வயசாக ஆக இறுகும், அதான் நாப்பதுக்கு மேல கிட்டத்துல தெரியாது. அப்புறம் மஞ்சளாகி, உங்களுக்கு இப்ப வெளுத்துடுச்சு."

அங்காளம்மாளுக்கு உடனே புரிந்தது. பச்சை மீன் கண்ணுக்குள் தெளிவாக இருக்கும் உருண்டை, குழம்பில் வெந்தால் வெள்ளையாகிவிடும்.

"வெந்தது திரும்பத் தெளியாதே, டாக்டரம்மா?"

"தெளியாது. எடுத்துட்டு வேற வைப்போம்."

எடுப்பதா, கண்ணுக்குள்ளிருந்தா? ஆனாலும் அடுத்த வார ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தாள்.

மறுநாள் கரையில், எல்லார் முன்னாலும் சொன்னாள். மீன்காரி தன் கண்ணைக் குறை சொன்னால் வியாபாரம் என்னவாகும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"உன் மீன்ல தப்பில்ல ரத்தினபாய். என் கண்ணுலதான் பொரை வுழுந்துட்ச்சு."

ரத்தினபாய் ஏலத்தை நிறுத்திவிட்டு அவளைப் படகு மறைவுக்கு இழுத்துப் போனாள்.

"எனுக்கும் ஆறு மாசமா எல்லாம் பொகையாத்தான் கீதுக்கா. அன்னிக்கு அந்த மீனு எப்டி இருந்துச்சுன்னு எனுக்கே தெரியாது."

அங்காளம்மாளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீ மொதல்ல பண்ணிக்கக்கா. உனுக்குக் கண்ணு தெரிஞ்சா, நானும் போறேன்."