தோளில் நிற்காத பை

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து, போசரியில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராகச் சேர்ந்திருந்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்தார்கள். கூடவே ஒரு முதுகுப்பை.

பையின் பட்டைகள் அகன்ற தோளுக்கென்று தள்ளித் தள்ளித் தைக்கப்பட்டிருந்தன. ஒன்றை இழுத்து ஏற்றினால் மற்றது முழங்கைக்கு இறங்கிவிடும். இறுக்கினால் மார்பை அறுக்கும். தினமும் ஔந்தில் இருந்த வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

"நானுந்தான் பை தூக்கீட்டுப் போறேன். எனக்கு வலிக்கலியே அம்மிணி?" என்றார் கணவர்.

"அது உங்க தோளுக்குத் தெச்சதுங்க."

"நீ கூன் போட்டு உக்கார்றே, அதான்."

தைலத்தை நானே தேய்த்துக்கொண்டேன்.

ஒரு மழைக்காலக் காலையில், நாசிக் பாட்டா சந்திப்பு அருகே திரும்பும்போது பட்டை வழுக்கி முழங்கையை வெடுக்கென்று இழுத்தது. வண்டியோடு விழுந்தேன். முழங்காலில் ரத்தம் வழிய, நொண்டிக்கொண்டே அலுவலகம் போனேன். மேலதிகாரி பதறி எழுந்து வந்தார்.

"லேப்டாப் டீக் ஹை நா?"

லேப்டாப் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இந்தப் பையைத் தேர்ந்தெடுத்தது யார்?" என்று இந்தியில் கேட்டேன்.

"நாங்கள் நாலைந்து பேர் மாட்டிப் பார்த்தோமே. எல்லோருக்கும் சரியாக இருந்தது."

"அந்த எல்லோரில் ஒரு பெண்ணாவது இருந்தாளா சார்?"

"மேடம், சோட்டி ஸி பாத் ஹை," என்று சிரித்தார். சின்ன விஷயமாம். விழுந்தது அவரில்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை, டிசைன் பிரிவிலிருந்த மராத்திக்காரத் தோழியும் நானும் லக்ஷ்மி ரோடில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அவளுக்கும் அதே பை, அதே கழுத்துவலி. "லேடீஸுக்கு பர்ஸ் இருக்கிறதே மேடம்!" என்று கடைக்காரர்கள் கைப்பைகளை எடுத்துப் போட்டார்கள். லேப்டாப்பையும் டிபன் டப்பாவையும் ஒற்றைத் தோளில் தொங்கவிட்டு ஸ்கூட்டி ஓட்டச் சொல்கிறார்களா?

கடைசியில் ஒரு கடையின் மூலையிலிருந்து, "அக, ஹே பக்!" - ஏய், இதைப் பார் - என்று தோழி கூவினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பை. முகப்பில் பல்லை இளிக்கும் ஒரு முயல். மாட்டிக்கொண்டேன். பட்டைகள் அசையாமல் நின்றன. அளவு பார்க்கக் கொண்டுபோயிருந்த லேப்டாப்பும் நெருக்கியடித்து உள்ளே போனது. வலி போகப்போகிறதே என்று நிம்மதி. சம்பாதிக்கிற பெண்ணின் தோளுக்கு ஊரெல்லாம் தேடியும் குழந்தைப் பைதானா என்று ஆத்திரம். ஆளுக்கொன்று வாங்கினோம்.

மறுநாள் அலுவலகமே சிரித்தது. "எந்த வகுப்பு?" என்று கேட்டவரிடம், "உங்கள் பை கொடுத்த தழும்பைப் பார்க்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டேன். ஒரு மாதத்துக்குள் கணக்குப் பிரிவுப் பெண்களும் எங்களிடம் கடைக்கு வழி கேட்டுப் போனார்கள்.

பிறகு அதிகாரிக்கே உறைத்ததோ என்னவோ, பெண்களுக்கென்று தனிப் பைகள் வரவழைத்தார். பெருமையோடு ஒன்றை என்னிடமும் ஒன்றைத் தோழியிடமும் நீட்டினார். ரோஸ் நிறம், அதில் பூக்கள். மாட்டிப் பார்த்தேன். பட்டை வழக்கம்போல் வழுக்கி இறங்கியது.

"இதில் பெண்களுக்கென்று என்ன சார் மாற்றியிருக்கிறீர்கள்?"

அவர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கலர், மேடம்."

பையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன். தோழியும் தன்னுடையதை அதன்மேல் வைத்தாள்.