சௌந்திரம் அக்காவுக்கு ஏறிய கால்சியம்

எருமப்பட்டிப் பக்கம் முட்டை வாங்க வரும் வியாபாரிகளுக்கு என் அக்கா சௌந்திரத்தைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். விலையில் விளையாட வந்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். கோழிப்பண்ணை பேருக்குத்தான் அவள் வீட்டுக்காரர் மயில்சாமி மாமாவுடையது, நடத்தியதெல்லாம் அக்கா. இரண்டு முட்டைகளை ஒரே கையில் எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவாள். ஓசையை வைத்தே விரிசல் விட்டதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் வீட்டில் டீ குடித்த சாயங்காலங்கள் எத்தனையோ.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை செய்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று சில வருடங்கள் நிம்மதியாக இருந்தோம். பிறகு இடுப்பு வலி என்றாள். நடையில் வேகம் குறைந்தது. மாமா உடனே டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். பண்ணைக்காரர் புத்தி அப்படிப் போகவில்லை. முட்டை ஓடு மெலிந்தால் கால்சியத்துக்காகத் தீவனத்தில் கிளிஞ்சல் கூட்டிப் போடுவோம், துவண்டு உட்கார்ந்த கோழிகூட எழுந்து நிற்கும். அந்தக் கணக்கையே அக்காவுக்கும் போட்டுவிட்டார்.

"சத்துக் குறைச்சல்தான் சாமி, வேறொண்ணுமில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மருந்துக் கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி வந்தார். ராகிக் களியும் பாலும் வேறு. ஊட்டிவிடாத குறைதான்.

அக்கா இன்னும் துவண்டாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. சோறு இறங்கவில்லை, வாந்தி, மலச்சிக்கல். ஒரு நாள் காலையில் மாமாவை நிமிர்ந்து பார்த்து, "ஆருங்க நீங்க? லோடு ஏத்த வந்தீங்களா?" என்று கேட்டாள். மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்த டாக்டர் நர்மதா, ரத்தத்தில் கால்சியம் மிக அதிகமாக ஏறியிருக்கிறது என்றார். மாமா அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தானுங்க ஏத்திவிட்டேன். மாத்திரை மாத்திரையாக் குடுத்தேனுங்க."

"மாத்திரையை நிறுத்துங்க. ஆனா இது அதனால வந்ததில்லை" என்றார் டாக்டர். "பழைய புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கு. கட்டி எலும்பைக் கரைய வைக்குது. கரையற கால்சியம் ரத்தத்துல கலக்குது, சிறுநீரகத்தால அவ்வளவையும் வெளியேத்த முடியலை. அதான் தாகம், வாந்தி, இந்தக் குழப்பம் எல்லாம்."

"நெனப்பு திரும்புமுங்களா?" மாமாவுக்கு அது ஒன்றுதான் கேட்கத் தெரிந்தது.

"கால்சியம் இறங்கினா திரும்ப வாய்ப்பிருக்கு. புற்றுநோயை முழுசாக் குணப்படுத்த இனிமே முடியாது."

சலைன் ஏற்றினார்கள். எலும்பு கரைவதைத் தடுக்க ஓர் ஊசி போட்டார்கள். மாமா ஊருக்குப் போய், சட்டைப் பையில் இரண்டு முட்டைகளோடு திரும்பி வந்தார். ஆஸ்பத்திரியில் இது என்ன கூத்து என்று எனக்குக் கோபம். அவர் அவற்றை அக்காவின் கையில் வைத்தார். அவள் வெறித்துப் பார்த்தாள், விரல் அசையவில்லை. அவர் எடுத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

சில நாள் கழித்து அக்கா தானாக மாமாவின் சட்டைப் பைப் பக்கம் கையை நீட்டினாள். முட்டைகளை வாங்கி மெல்லத் தட்டினாள்.

"இதுல ஒண்ணு விரிசலுங்க. பஸ்ஸுல இடிபட்டு வந்தீங்களாக்கும்?"

மாமா வாய்விட்டு அழுதார். நானும்தான்.

டாக்டர் சொன்னதையெல்லாம் பிறகு அக்காவிடம் சொன்னோம். "தீவனத்துல கொறஞ்சா கோழி தன் எலும்பைக் கரைச்சுத்தான் ஓடு போடும். நானுங்கூடக் கரைஞ்சிருக்கேன். முட்டையைத்தான் ஒண்ணையும் காணோம்" என்று சிரித்தாள்.

மாத்திரை கொடுத்ததைச் சொல்லி மாமா மறுபடி புலம்பத் தொடங்கியபோது அதட்டினாள். "சும்மா இருங்க. கோழியைப் பாத்துக்கற மாதிரியே என்னையும் பாத்துக்கிட்டீங்க. நம்மூர்ல அதுக்கு மேல ஆரு ஆரைப் பாப்பாங்க?"

தை மாதம் வீட்டுக்கு வந்தவள் ஆடியில் போய்விட்டாள். கடைசி நாள் வரை எங்களை யாரென்று தெரிந்தே இருந்தாள். அது போதும் என்கிறார் மாமா. எனக்குப் போதவில்லை.