கழுவுதொட்டிக் குழாய் போய்ச் சேர்ந்த இடம்

மாணவர்கள் வருமுன் கரைசல்களைத் தயார் செய்வதும், அவர்கள் போனபின் குடுவைகளைக் கழுவுவதும் கல்லூரி ஆய்வகத்தில் அவளுடைய வேலை. பதினெட்டு வருடமாக அதேதான். பியூரெட் என்னும் அளவுக் கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்தாலும் பதறிப்போவாள். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பியூரெட் அக்கா.

முதலாண்டு சுற்றுச்சூழல் வேதியியலில் ஒரு பரிசோதனை. கல்லூரிக்குப் பின்புறம் ஓடும் கால்வாயின் நீரை அமிலத்தோடும் டைகுரோமேட் என்ற ஆரஞ்சு நிறக் குரோமிய உப்போடும் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, அதில் எவ்வளவு கழிவு கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முடிந்ததும் மிச்சமெல்லாம் கழுவுதொட்டிக்குள் போகும்.

அந்த ஆண்டு ஒரு மாணவர் குழு கல்லூரி மதிலோரமாகக் கால்வாய் நீர் எடுத்து, உலோகங்களையும் சோதித்துப் பார்த்தது. குரோமியம் தாறுமாறாக இருந்தது.

"குடுவை சரியா கழுவலை. திரும்பச் செய்யுங்க," என்றார் பேராசிரியர்.

கழுவியவள் பக்கத்தில்தான் நின்றாள். சுருக்கென்றது. அன்று மதியம் சாப்பிடாமல் மதிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். கழிவுநீர்த் தொட்டிக்குப் போவதாக எல்லோரும் நம்பியிருந்த கழுவுதொட்டிக் குழாய், மதிலைத் துளைத்து நேராகக் கால்வாயில் இறங்கியிருந்தது. அதன் வாயடியில் சேறு குரோமியப் பச்சையாகப் படிந்திருந்தது.

பேராசிரியரிடம் போனாள்.

"சார், குடுவையில ஒண்ணுமில்ல. பதினெட்டு வருஷமா நாமளேதான் ஊத்திட்டிருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அடுத்த மாசம் காலேஜைப் பார்வையிட ஆய்வுக்குழு வருதும்மா. அதுவரைக்கும் விடுங்களேன்."

"ஊத்துறது என் கை சார்."

மறுநாள் கழுவுதொட்டி ஓட்டையைத் துணியால் அடைத்து, கழிவை ஊற்றப் பக்கத்தில் ஒரு கேனை வைத்தாள். "அக்கா, இதென்ன புதுத் தொல்லை?" என்று மாணவர்கள் முணுமுணுத்தார்கள். பருவத்தேர்வுக்குள் பதினான்கு கேன்கள் நிரம்பின. அவற்றை அகற்றக் கேட்டு எழுதிய கடிதம், கையெழுத்தில்லை, முத்திரையில்லை என்று அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திரும்பிவந்தது. மூன்றாம் முறை பேராசிரியர் தானே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

கடைசியில் கழிவு லாரி வந்தது. ஒன்பது கேன்களை ஏற்றிக்கொண்டு, லேபிள் சரியில்லை என்று ஐந்தை விட்டுவிட்டுப் போனது. அவள் உட்கார்ந்து லேபிள் எழுதினாள். அடுத்த பருவத்திலிருந்து பரிசோதனையைச் சின்னச் சோதனைக் குழாயில் செய்யச் சொல்லிவிட்டார் பேராசிரியர். கழிவு பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

"ஏற்கெனவே கால்வாய்ச் சேத்துல போனது?" என்று கேட்டாள்.

அவர் மதில் பக்கம் பார்த்தார். "அது அங்கேயேதாம்மா கிடக்கும். கரையாது, போகாது."

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்ன ஒரு மாதிரி இருக்கே?" என்றான் கணவன்.

"கால் வலிக்குது," என்றாள்.