சக்தி நின்ற தோள்

பேரன் பேத்தி எடுத்த வயதில், என் மகள் வயதுள்ள ஒருவர் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரு சந்து, அதில் மாடிப்படி ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. சன்னலுக்கு வெளியே சங்கராபுரம் பஸ்காரன் விடாமல் ஆரன் அடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா கையில் டார்ச் லைட்டோடு குனிந்து பார்த்துவிட்டு, "நாக்க மேல தூக்குங்கம்மா, அடியில பாக்கணும்" என்றார். எங்கள் ஊரில் பழிப்புக் காட்டும் பிள்ளைகள் நாக்கை நீட்டும், இல்லாவிட்டால் கோயிலுக்குள் நிற்கும் காளி நீட்டியிருப்பாள். நான் அந்த இரண்டில் எதுவும் இல்லை. ஊரில் நாலு பேர் எழுந்து வழிவிடும் குடும்பத்துப் பெண். இருந்தாலும் நீட்டினேன், தூக்கியும் காட்டினேன். தோள் நோவு என் கௌரவத்தைவிடப் பெரிதாகியிருந்தது.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த வருஷம்தான் வலது கை மெல்ல மெல்ல நின்றது. ஒரு நாளில் விழுந்து உடைந்த கை இல்லை அது. முதலில் பரண்மேல் இருக்கும் சட்டியை எட்டவில்லை, பிறகு கொடியில் துணி போட முடியவில்லை, கடைசியில் தலைக்குப் பின்னால் கை போகவே இல்லை. எனக்கு மற்றதெல்லாம் பெரிதில்லை, கொண்டைதான் பெரிது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடிந்ததும் தலையை வாரி, கோணாமல் ஒரு கொண்டை முடிந்த பிறகுதான் அடுத்த ஆள் முகத்தில் முழிப்பேன். "தலைய முடிஞ்சிட்டியா, அப்ப சண்டைக்கு ரெடி" என்று அவர் கேலி பண்ணுவார். அந்தக் கொண்டையை இப்போது என் மருமகள் முடிந்தாள். நான் மணையில் உட்காருவேன், அவள் பின்னால் நின்று வாருவாள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்காது. என் கழுத்தை இன்னொருத்தி கை இப்படிச் சாய், அப்படித் திரும்பு என்று தள்ளுவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாகும்வரை இப்படித்தானா என்று மட்டும் தினமும் நினைப்பேன்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது. சர்க்கரை இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். கையை அசைத்துப் பழகவும் சொல்லிக் கொடுத்தார்கள். மாத்திரையை விழுங்கினேன், கையை அசைக்கவில்லை. அசைத்தால் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் மருமகள் யாரிடமோ விசாரித்து இந்தச் சந்துக்குக் கூட்டிவந்தாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மாடிப்படிக்குக் கீழே தொங்கிய பலகையை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். அக்கு, பஞ்சர்.

"இன்னாமா, டயருக்குப் பஞ்சர் ஒட்ற எடத்துக்கா என்ன இட்டாந்த?" என்றேன்.

"அத்த, இது ஒடம்புக்குங்க. ஊசி குத்தி வைத்தியம் பாக்கறது. சீனாக்காரங்க வைத்தியம்."

"என் ஒடம்புல காத்து எறங்கிப்போச்சின்னு முடிவே கட்டிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. முன்னே படியேறிவிட்டாள்.

டாக்டரம்மா உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரர். பருத்திப் புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, அதட்டத் தெரியாத குரல். நாக்கைப் பார்த்தார், மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தார், பிறகு யாரும் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "நோவு எடம் மாறி ஓடுதாம்மா, இல்ல ஒரே எடத்துல நின்னுக்கினு குத்துதா?"

நான் யோசித்தேன். முதலில் ஓடத்தான் செய்தது. இன்றைக்குக் கழுத்தில் இருக்கும், நாளைக்கு முழங்கையில் இருக்கும். மனசு கெட்ட நாளில் கை முழுக்கப் புடைத்த மாதிரி இருக்கும். பிறகு ஒரு சமயத்தில் ஓட்டத்தை விட்டுத் தோளில் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டது. இதையெல்லாம் சொன்னேன். ஒரு நோவைப் பற்றி இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டவர் அவர்தான்.

"அதாம்மா கணக்கு," என்றார். "மொதல்ல சக்தி தேங்கி நிக்கும். அப்ப நோவு ஓடிக்கினு இருக்கும், கோவம் வந்தா ஜாஸ்தியாவும், ஒரு பெருமூச்சு வுட்டா கம்மியாவும். ரத்தத்த ஓட்டிக்கினு போறதே சக்திதான். அது ரொம்ப நாள் நின்னுடுச்சின்னா பின்னாடியே ரத்தமும் தேங்கிடும். அப்பதான் ஒரே எடத்துல குத்தும். ஒங்க நாக்குக்கு அடியில நரம்பு கருநீலமா இருக்குது. ஒங்க தோள்ல சக்தி நின்னு போயிருக்குதும்மா."

தேங்கும் கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்வராயன் மலையில் மழை பெய்தால் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரும். காட்டாமணக்கு மண்டிப் பாதையை அடைத்துவிட்டால், வந்த தண்ணீர் முதலில் சும்மா நிற்கும். நாளானால் அடியில் கறுத்து நாறும். என் வீட்டுக்காரர் இருந்தவரை மண்வெட்டியோடு அதைத்தான் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நின்றது கறுக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. என் தோளில் சக்தி நிற்கிறாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆடி மாசத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆடி மாசம் தவறாமல் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடு எங்களுடையது. அவர் செத்த வருஷம் சாவு வீடு என்பதால் ஊற்றவில்லை. அடுத்த ஆடி வருவதற்குள் கை இப்படி நின்றுவிட்டது. ஆக, பசியோடு போன ஆத்தா வேறெங்கும் போகாமல் என் தோளில் வந்து நின்றுகொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததை ஏன் மறைக்க வேண்டும்? ஊரில் இத்தனை தோள் இருக்க, அவள் நிற்க என் தோள் கிடைத்திருக்கிறதே. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் இரண்டு மடங்காய்க் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கையிலும் காலிலும் ஊசி வைத்தார். தலைமயிர் கனம்தான் இருக்கும், எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், அதோடு சரி. தோள் நோவுக்கு முழங்காலுக்குக் கீழே ஏன் குத்துகிறார் என்று கேட்கவில்லை. மடை எங்கே இருக்கிறதோ அங்கேதானே திறக்க வேண்டும். ஊசியோடு படுத்துக்கொண்டே, "கூழு ஊத்தறதா வேண்டிக்கினேன் டாக்டரம்மா. ஊத்திட்டா நகந்துடுவா" என்றேன்.

"யாரும்மா நகந்துடுவா?"

"சக்திதான். நீங்கதான சொன்னீங்க, தோள்ல நிக்கிறான்னு."

மூலையில் நாற்காலியில் இருந்த மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னது அந்தச் சக்தி இல்லம்மா. ஒடம்புக்குள்ள ஓடிக்கினு இருக்குதே ஒரு தெம்பு, மூச்சு மாதிரி, அது. நம்ம பேச்சுல சக்தின்னு சொல்லிட்டேன். சீனாக்காரங்க அதுக்கு 'ச்சீ'ன்னு பேரு வச்சிருக்காங்க."

"ச்சீயா?"

"ஆமாம்மா, ச்சீ."

"உசுர ஓட்டறதுக்கு வக்கிற பேரா அது? நல்ல வாயில்லாத ஊராட்டம் இருக்குது. எங்களாண்ட கேட்டிருந்தா நல்ல பேரா குடுத்திருப்போமே."

அப்போதுதான் அவர் சிரித்தார். மருமகளும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு படுத்தபடியே நானும் சிரித்தேன். சிரித்தால் ஊசி ஆடும் என்று டாக்டரம்மா என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, வேண்டிக்கினத வுடாதீங்க, ஊத்துங்க," என்றார் பிறகு. "கூழு யாரு கிண்டறது?"

"பெரிய அண்டா டாக்டரம்மா. இந்தக் கையோட நான் எங்க கிண்டறது?"

"இந்தக் கையாலதான் கிண்டணும். அதான் இனிமே ஒங்களுக்கு வைத்தியம். இன்னைலருந்து வெறும் சட்டியில துடுப்பப் போட்டு, தோள தொளதொளன்னு வுட்டு, மெதுவா சுத்துங்க. ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்ததும் இதுதான். ஊசி கொஞ்சம் வழி வுடும், நடக்க வேண்டியது நீங்க. சர்க்கர மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க." ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கேட்டார்: "வூட்டுல இப்ப கொழம்பு, களி எல்லாம் யாரு கிண்டறது?"

மருமகள்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தாங்க. மாமா போனதுலருந்து அத்தய ஒண்ணும் செய்ய வுடறதில்ல. பாவம், ஒக்காரட்டும்னு."

"ஒக்கார வச்சா மனுஷருக்குள்ள எல்லாமே ஒக்காந்துடும்," என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "வாயில வராம மனசுலயே நிக்கிறதும் தேக்கந்தாம்மா. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அன்றுமுதல் அடுப்படியில் ஓர் ஓரத்தில் வெறும் சட்டியை வைத்துக்கொண்டு துடுப்பைச் சுற்றினேன். காற்றைக் கிண்டுகிற கிழவி என்று தெருவில் பேச்சு வந்தது. முதல் வாரம் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஊசிக்குப் போய் வந்த நாளில் கொஞ்சம் இளகும், மறுநாள் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிறகு சட்டியில் தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் தவிட்டைக் கரைத்தேன். ஒருநாள் மருமகள் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

ஆடி வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அண்டா ஏறியது. நொய் வெந்து, புளிக்க வைத்த கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றியாயிற்று. நான் துடுப்பைப் பிடித்ததும் என் ஓரகத்தி சும்மா இருப்பாளா? அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. கூழில் பங்கு உண்டு, பேச்சிலும் பங்கு உண்டு.

"கை வராதவ துடுப்பப் புடிச்சா கூழு கட்டி தட்டாது? ஆத்தாளுக்கு உருண்டையா புடிச்சி வெக்கப் போறியா?"

"நீ குடிக்கறப்ப வாயத் தொற, இப்ப மூடு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, பயம் எனக்குத்தான் தெரியும். மாவு இறுகும் நேரத்தில் கையை நிறுத்தினால் கட்டி தட்டும். கட்டி தட்டினால் ஊர் முழுக்கச் சொல்லும், இவள் கதை முடிந்தது என்று. அதற்குப் பிறகு மணையும் மருமகள் கையும்தான் எனக்கு மிச்சம். தோளைத் தொளதொளவென்று விட்டேன், டாக்டரம்மா சொன்ன மாதிரி. துடுப்பு சுற்றியது. நோவு இருந்தது, ஆனால் பழைய ஆணி இல்லை, நகர்கிற நோவு. அடியில் மாவு கெட்டிப்பட்டுத் துடுப்பு ஓரிடத்தில் நின்றபோது, பின்னாலிருந்து இன்னொரு கை வந்து என் கைக்கு மேலே பிடித்தது. வளையல் சத்தத்தில் யார் என்று தெரிந்தது.

"வுடு, நானே செய்யறேன்" என்றேன்.

"நீங்கதான் செய்யறீங்க அத்த. நான் சும்மா புடிச்சிக்கினு இருக்கேன்."

சுற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "என்ன ஏம்மா அடுப்பாண்ட வுடாம வச்ச? இவ வேலைக்கு ஆவமாட்டான்னுதான?"

துடுப்பு நிற்கவில்லை. "அய்யோ, இல்லத்த. மாமா காரியத்துக்கு வந்த சனம் அத்தன பேரும், கெழவிய வேல வாங்காதன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்களும் ஒரு வார்த்த கேக்கல. என்மேல கோவம்னு நெனச்சிக்கினேன்."

இவ்வளவுதான் விஷயம். ஒருத்தி மரியாதை என்று செய்தாள், ஒருத்தி ஒதுக்குகிறாள் என்று நினைத்தாள். இது எங்கள் வீட்டில் எத்தனை காலம் தேங்கிக் கிடந்திருக்கிறது. அண்டாவில் புகை எழும்பி இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது நல்லதாய்ப் போயிற்று. புகைமேல் பழி போட்டுக்கொண்டோம். கூழ் கட்டி தட்டவில்லை. ஓரகத்தி இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தாள்.

என் கை எதனால் வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊசியா, சர்க்கரை மாத்திரையா, துடுப்பா, ஆத்தாளா? நான் தராசு எடுத்து நிறுக்கவில்லை. டாக்டரம்மாவிடமே கேட்டேன். "எல்லாருக்கும் ஆளுக்கொரு சொம்பு கூழு ஊத்துங்க, போதும்" என்றார். அவர் வீட்டுக்காரருக்குச் சேலத்துக்கு மாற்றலாகி அவரும் போய்விட்டார். அந்த அறையில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். ஆடி வந்தால் போன் பண்ணுவார். நோவு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார், "ஓடுதா, நிக்குதா?" என்பார். "ஓடிக்கினே இருக்கறேன் டாக்டரம்மா" என்பேன். கொண்டை முடிய முதல்முறை கை பின்னால் போனது ஒரு தை மாசத்தில். இடது பக்கம் சாய்ந்த, கோணலான கொண்டை. அவிழ்க்க மனசில்லாமல் அன்று முழுக்கத் தெருவில் அதோடுதான் நடந்தேன்.

இப்போது தினமும் நானே முடிந்துகொள்கிறேன், கோணாமல். வெள்ளிக்கிழமை தலை முழுகினால் மட்டும் சீப்பை எடுத்துக்கொண்டு போய் மருமகளுக்கு முன்னால் மணையைப் போடுவேன்.

"கைதான் வந்துடுச்சே அத்த, அப்புறம் இன்னாத்துக்கு என்னக் கூப்புடறீங்க?" என்பாள்.

"கை வந்துடுச்சி. முதுவுல கண்ணு வரலயே, சிக்கு யாரு பாக்கறது? நின்னுக்கினு பேசாத, வாரு."

வாரிக்கொண்டே சின்னசேலத்தில் அவள் அம்மா வீட்டுக் கதையை ஆரம்பிப்பாள். முடி காய்ந்து கொண்டை முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். நான் எழுந்திருக்கமாட்டேன்.