முப்பது என்று எழுதிய கை

ஆரோக்கியசெல்வியைக் கூப்பிட்டது என் புத்திகெட்ட வேலைதான். எங்கள் கல்லூரியின் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பை மதிப்பிட மூன்று பேர் குழு வருகிறது. பழைய மாணவி ஒருத்தி பேச வேண்டும். குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் படிப்பையே மூடிவிடுவார்கள். கௌரவ விரிவுரையாளனான என் வேலையும் அதோடு போகும்.

அவள் மரக்காணத்தில், உப்பில் அயோடின் கலக்கும் ஆலையில் பரிசோதகர். அப்பா லாரன்ஸ் அதே ஊர் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். தங்கை ஜெனிஷா இப்போது எங்களிடம் முதலாமாண்டு. தங்கைக்காகவாவது நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நம்பினேன்.

குழு வரும் அன்று ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"என்னம்மா, பயமா இருக்குதா?"

"பொய் சொல்ல வாய் வரமாட்டேங்குது அர்ச்சுனன் சார். உண்மைய சொன்னா ஜெனிஷா படிப்பு போயிடுமோன்னு இருக்குது."

"தாயே, நல்லதா சொல்லிட்டுப் போயிடும்மா," என்று கெஞ்சினேன்.

குழு வந்து உட்கார்ந்ததும் அதன் தலைவர் சிவசங்கரி அவளிடம் கேட்டார்: "லேபுல கத்துக்கிட்டது வேலைக்கு உதவுதாம்மா?"

"இல்லைங்க மேடம்." அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "சேர்ந்த மொத வாரம். உப்புல அயோடின் பத்து லட்சத்துக்கு முப்பது பங்கு இருக்கணும். டெஸ்ட் பண்ணாமலே முப்பதுன்னு எழுதிட்டேன். இங்க ரெண்டு வருஷமும் ரெக்கார்டு நோட்டுல அப்படித்தாங்க. வரவேண்டிய விடைய மொதல்ல எழுதிட்டு, அதுக்கு ஏத்த ரீடிங்க அப்புறம் போடுவோம். அன்னிக்கு அயோடின் தெளிக்கிற குழாயே அடைச்சுக் கிடந்துருக்குது. லாரி லோடு மொத்தமும் திரும்பி வந்துச்சு. எழுதும்போது தப்புன்னே தோணலைங்க."

அடிப்பாவி, இப்படியா கவிழ்ப்பாய் என்று கோபம் கோபமாக வந்தது.

"சொட்டு சொட்டா அளந்து விடுற பியூரெட்டு, இருபத்தெட்டு பேருக்கு மூணே மூணு. சாரு மட்டும் என்ன செய்வாரு? ஆனா மூடிடாதீங்க மேடம். சரி பண்ணுங்க. என் தங்கச்சி படிக்கிறா." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

சிவசங்கரி மேசைமேல் இருந்த ரெக்கார்டு நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஜெனிஷாவுடையது. அடுத்த மாதம் செய்ய வேண்டிய சோதனைக்கும் ரீடிங் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

"இது என்னங்க சார்?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் உண்மைங்க," என்றேன். உடம்பெல்லாம் கூசியது.

ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பியூரெட் வாங்க வேண்டும். சோதனையைச் செய்த பிறகே எழுத வேண்டும். மறுபடி வந்து பார்ப்போம், மாறாவிட்டால் மூடிவிடுவோம் என்றார்கள். அந்த ஒரு வருடமும் எனக்கு நிலைகொள்ளாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

புது பியூரெட்டுகள் வந்த அன்று ஆரோக்கியசெல்வி ஆலை உப்பைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்தாள். அவளே சோதித்து முப்பது என்று உறுதிசெய்த உப்பு. ஜெனிஷா சோதனையைச் செய்து முடித்து நோட்டை நீட்டினாள். நாற்பத்தொன்று என்று இருந்தது. பழக்கதோஷம், என் பேனா அதை அடிக்கப் போய்விட்டது.

ஆரோக்கியசெல்வி நோட்டைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க சார். ரெண்டு வருஷ ரெக்கார்டுல எனக்கு ஒரு தடவகூட தப்பா வந்ததில்ல. இவளுக்கு மொத நாளே வந்துடுச்சு."

நாற்பத்தொன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.