பனியனில் சிரித்த பிள்ளை

கருமித்தனத்தில் என் மாமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மண்ணரையில் பனியனுக்குப் படம் அடிக்கும் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தார். எந்த ஊருக்கு டூர் போனாலும் அங்கே ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்க மாட்டார். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் பட்டறையில் கழித்துப்போட்ட துணியிலிருந்தே மூட்டை கட்டி வேனில் ஏற்றிவிடுவார். திரும்பி வந்து அதே மூட்டையைப் பிரித்து, "உங்களுக்குன்னே மைசூர்ல தேடி எடுத்தனுங்க" என்று கூசாமல் கொடுப்பார். மூட்டையும் எங்களோடு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, முழுப்பரீட்சை லீவில், மாமா, அத்தை, அம்மா, நான் என்று நாலு பேரும் கன்னியாகுமரி போனோம். கடற்கரைக் கடையில் சிப்பி மாலைகள் தொங்குவதைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. சிப்பி மாலையோடுதான் வருவேன் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிவிட்டு வந்திருந்தேன். மாமா விலை கேட்டார், சிரித்தார், வேனுக்குப் போனார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பனியனை உருவி என் தலைவழியே மாட்டிவிட்டார்.

"இதுக்கு முன்னாடி அந்த மாலையெல்லாம் எம்மாத்திரம் கண்ணு?"

நெஞ்சு நிறைய ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் முகம். என் வயசுதான் இருக்கும். ஓரப்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. மேலே இங்கிலீஷில் என்னமோ எழுத்து. கீழே இரண்டு வருஷ எண்கள், நடுவில் ஒரு கோடு. வெளிநாட்டு ஆர்டர்தான், ஆனால் மை கலந்ததில் பிசகி உதடு நீலமாக விழுந்துவிட்டதாம், கம்பெனியில் வேண்டாமென்று திருப்பிவிட்டார்களாம். எழுத்து என்ன சொல்கிறது என்று பட்டறையில் யாரும் பார்ப்பதில்லை. கலர் சரியா, இடம் சரியா, அவ்வளவுதான்.

படகுத்துறை வரிசையில் நிற்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். என் முன்னால் மண்டி போட்டார். என் கன்னத்தைத் தொடவில்லை. பனியனில் இருந்த கன்னத்தைத் தொட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வியாபார இங்கிலீஷ்தானே. "ஃபுல் காட்டன் மேடம். எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றார். அந்த அம்மா எழுந்து போய், நான் ஆசைப்பட்ட அதே சிப்பி மாலையை வாங்கிவந்து எனக்குப் போட்டுவிட்டுப் போனார்.

மாமா விடுவாரா? மறுநாளும் அதே பனியன். அழுக்காக இருக்கிறது என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வெள்ளைக்காரர் எதிர்ப்பட்டால் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்பார். சாக்லேட் வந்தது, பேனா வந்தது, பூப்போட்ட கைக்குட்டை வந்தது.

ஆனால் ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த பார்வையெல்லாம் என் கழுத்துக்குக் கீழே போய் நின்றது. ஒரு கிழவர் தூரம் போய்த் திரும்பி டாட்டா காட்டினார். அது எனக்கில்லை என்று நன்றாகத் தெரிந்தது. லாட்ஜ் கண்ணாடியில் பார்த்தேன். நான் சிரிக்காமல் நின்றேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாயை உள்ளங்கையால் பொத்தினேன். கைக்குக் கீழே சூடாக இருந்தது. பயந்துதான் போனேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சாமான் வருவது நின்றுவிடுமே.

மூன்றாம் நாள் மாமாவும் அத்தையும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சிப்பிக் கடைக்காரம்மா பனியனை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு எனக்கு எத்தனை வயது என்று கேட்டாள். அப்புறம் அம்மாவைத் தனியே கூப்பிட்டுக் காதோடு பேசினாள். என்ன பேசினாள் என்று அம்மா என்னிடம் சொன்னது எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான். "யக்கா, இது செத்துப்போன பிள்ளைக்க நினைவா அடிச்ச சட்டையாக்கும். பொறந்த வருசமும் செத்த வருசமும் போட்டிருக்கு. ஒன்பது வயசு, உங்க பிள்ளை மாதிரியே."

அம்மா வெட்டவெளியில் என் பனியனை உருவினாள். மாலை, பேனா, கைக்குட்டை எல்லாவற்றையும் அதற்குள் போட்டுச் சுருட்டிக் கடலில் வீசினாள். நான் மணலில் புரண்டு அழுதேன். மாமா வந்து என்ன ஏது என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றாள். வாயால் சொன்னால் அந்தச் சாவு நம் வீட்டுக்கும் வழி கண்டுபிடித்து வந்துவிடும் என்று பயந்தாளாம்.

வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டபோது அம்மாவுக்கு நல்ல காய்ச்சல். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மாமா வாசலிலேயே மூட்டையைப் பிரித்தார். சந்தில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

சாயங்காலம் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். சந்து முழுக்க அந்த முகம். பத்துப் பதினைந்து நீல உதடு சிரித்துக்கொண்டு அவளைப் பார்த்து ஓடி வந்தது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு இறங்கி வந்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைப் பிடித்து நிறுத்திப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை "என்னங்க" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று அத்தை சொன்னாள்.

கடைசியில் என்னிடம் வந்தாள். மாலையை வீசிவிட்டாளே என்ற ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பேசாமல் நின்றேன். மறுபடியும் கூப்பிட்டாள்.

"என்னங்கம்மான்னு ஒருவாட்டி சொல்லு கண்ணு."

நன்றாக வேண்டும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன். ஏழு தரம் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன்.